ஒன்பது நாள் குழந்தையின் சாட்சி

அத்தியாயம் 3

நான் அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டு விஷயங்கள் தாமாகவே வந்து என் மெஷினில் குப்புறப் படுத்துக்கொள்கின்றன. கண்ணை மூடிக்கொண்டா நகல் எடுக்க முடியும்?

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, அடுத்த வீட்டு விஷயம் வனிதாவின் உருவத்திலேயே வந்து நின்றது. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். கல்யாணப் பெண் முகத்தில் தூக்கமில்லாத கண்கள் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அழுது முடித்த கண்கள் இருக்கக் கூடாது.

"ஜெராக்ஸா வனிதா?"

"இல்லக்கா. சாரைப் பாக்கணும். நீங்க வெளிய இருந்தாலும் கேக்கத்தான் போறீங்க, உள்ளயே வாங்க."

வாய் ஜாஸ்தி. ஆனால் மரியாதை தெரிந்த பெண். போனேன்.

கடையின் பின்பாதியை ஒரு பிளைவுட் பலகை தடுத்திருக்கும். அதற்கு அந்தப்புறம் 'ஆத்மநாதன் துப்பறியும் நிலையம்'. ஆத்மநாதன் அண்ணன் இருபது வருஷம் கல்யாணத் தரகராக இருந்தவர். பொய் சொல்லிச் சேர்த்து வைத்த பாவத்தைக் கழிக்க இப்போது உண்மை சொல்லிப் பிரித்து வைக்கிறார் என்பது ஊர்ப்பேச்சு. ஊர்ப்பேச்சை ஆரம்பித்து வைத்தது நான்தான். அதற்குத் தண்டனையாக என்னையே உதவியாளர் ஆக்கிக்கொண்டார்.

வனிதா ஒரு கடிதத்தை மேஜையில் வைத்தாள். நேற்று மாப்பிள்ளை வீட்டு வாசலில் கிடந்ததாம். கையெழுத்துப் போடாத மொட்டைக் கடிதம்.

'மாப்பிள்ளையின் அப்பத்தா தைலம்மையும் பெண்ணின் அப்பத்தா செல்லாயியும் கொத்தக்காட்டு வைரக்கண்ணு வீட்டில் பிறந்த அக்கா தங்கை. அக்கா தங்கை பெற்ற மகன்கள் அண்ணன் தம்பி. அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை. இந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள்.'

அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஏண்ணே, மிச்சர் மடிச்ச பேப்பரா?"

கடிதத்தின் ஒரு மூலையில் விரல் பட்ட மாதிரி லேசான மஞ்சள் கறை. அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வனிதாவிடம் திரும்பினார்.

"ரெண்டு அப்பத்தாவும் இருக்காங்களா?"

"ரெண்டு பேரும் இல்ல சார். அரவிந்த் வீட்ல தைலம்மை அப்பத்தா வைரக்கண்ணு மகதான்னு அவங்களுக்கே தெரியும். எங்க செல்லாயி அப்பத்தா பொறந்த ஊரும் கொத்தக்காடுதான். ஆனா பொறந்த வீட்டோட பேச்சுவார்த்தை கெடையாது. அவங்க செத்தப்பகூட அங்கிட்டிருந்து கோடித்துணி வரல. இப்ப அந்த வீட்ல ஆளே இல்ல. ஊர்ல விசாரிச்சா, 'ஆமா, அந்த வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைக இருந்துச்சு'ங்கறாங்க."

"மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்றாங்க?"

"இன்னைக்குச் சாயந்தரம் நாலு மணிக்குப் பெரியவங்களோட வாராங்க. இல்லைன்னு நிரூபிக்காட்டி நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பிக் குடுத்துடுவாங்க." அவள் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருசப் பழக்கம் சார். அரவிந்தை நான் அண்ணேன்னு கூப்புடணுமா? நெசமா இருந்தா நானே நிறுத்திடுவேன். பொய்யா இருந்தா யாரையும் நிறுத்த விட மாட்டேன். ரெண்டுல எதுன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க."

"எழுதுனது யாருன்னு?"

"அது வேணாம். அதை மட்டும் தேடாதீங்க."

மொட்டைக் கடிதத்தால் பாதிக்கப்பட்டவள், எழுதினவன் யாரென்று கேட்காதே என்கிறாள். எனக்கு உள்ளங்கை அரித்தது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்கு.

வனிதா விவரமான பெண். இரண்டு அப்பத்தாக்களின் இறப்புச் சான்றிதழையும் கொண்டுவந்திருந்தாள். தைலம்மை, 2003. செல்லாயி, 2011, வயது அறுபத்திரண்டு. இரண்டிலும் 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்ற கட்டத்தில் கணவர் பெயர் மட்டும். பெற்றவன் பெயரைக் கல்யாணத்தன்றே அழித்துவிட்டார்கள். செத்த பிறகாவது திருப்பிக் கொடுப்பார்கள் என்று பார்த்தால் அதுவும் இல்லை.

"இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. செத்த பொம்பளைக்குப் பொறந்த வீடே கெடையாது போல."

"அந்தப் பொம்பளையோட பதிவுல கெடையாது," என்றார் அண்ணன். "வனிதா, ஒங்க அப்பாதான் செல்லாயிக்கு மூத்த புள்ளையா?"

"இல்ல சார். முன்னாடி ஒரு ஆம்பளப் புள்ள. ஒம்போது நாள்தான் இருந்துச்சாம். அதுக்கப்புறம்தான் அப்பா பொறந்தாங்க. அறுபத்தெட்டுல."

அண்ணன் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். அவர் மேல் பித்தானைப் போட்டால் வழி தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"தலைப்பிரசவம் எங்க நடக்கும் செல்வி?"

"அம்மா வீட்ல. எனக்கும்தான் நடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மூணு மாசம் எட்டிக்கூடப் பாக்கல."

"ஒம்போது நாள் குழந்தை எங்க செத்திருக்கும்?"

"அம்மா வீட்லயே." சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. "அப்ப அந்தச் சாவு அம்மா வீட்டு ஊர்க் கணக்குலதான் ஏறியிருக்கும்."

"சாவைச் சொல்லப் போனவர் புருசனா இருக்க முடியாது. அவர் அவர் ஊர்ல இருப்பார். அந்த வீட்டு ஆம்பளைதான் போயிருக்கணும். அவர் யாருன்னு பதிவுல இருக்கும். பொம்பளையோட சாவு மறைச்சதைக் குழந்தையோட சாவு காட்டிக் குடுக்கும். மனு எழுது."

வனிதா ரத்த உறவு என்று மனுவில் கையெழுத்துப் போட்டாள். நாங்கள் தாலுகா ஆபீசுக்குப் போனோம்.

பதிவறையில் பிராங்க்ளின் என்ற எழுத்தர். பழைய கிராமப் பதிவேடுகளுக்கு அவர்தான் காவல். ஒவ்வொரு நோட்டையும் இரண்டு கையாலும் தூக்கி வந்து, கைக்குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மேஜையில் வைத்தார்.

"பக்கத்தை எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாதுங்க. பேனா கூடாது. போட்டோ கூடாது. வேணும்னா நான் எழுதிக் குடுப்பேன், ஆபீசர் கையெழுத்துப் போடுவாங்க."

"மூச்சு விடலாமா சார்?" என்றேன்.

"அங்கிட்டுத் திரும்பி விடுங்க. பக்கம் ஒடையும்."

கொத்தக்காடு, 1966. ஒன்றுமில்லை. 1967ஐத் திறந்தோம். அந்த ஊரில் அந்த வருஷம் காய்ச்சல் வந்திருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைகள். பத்து வரி படித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பன்னிரண்டானது. ஒன்றானது. அண்ணன் ஒரு வரியையும் தாண்டவில்லை.

இரண்டு பத்துக்கு அவர் விரல் நின்றது.

'ஆண் குழந்தை. வயது ஒன்பது நாள். தாய் செல்லாயி. தகவல் தந்தவர்: வைரக்கண்ணு.'

செல்லாயியின் தலைப்பிரசவம் வைரக்கண்ணு வீட்டில்தான். தைலம்மையும் அதே வீடு. மொட்டைக் கடிதம் பொய் சொல்லவில்லை.

சரியாக அந்த நேரம் என் போன் அடித்தது. வனிதாவின் அம்மா மணிமேகலை. நான் வராந்தாவுக்கு ஓடினேன்.

"செல்வி, என்னடி ஆச்சு? எனக்கு இருப்புக் கொள்ளலடி."

இந்த இடத்தில் ஒரு நல்ல உதவியாளர், 'இன்னும் பார்க்கிறோம்' என்று சொல்லியிருப்பாள். நான் முப்பது வருஷமாக யாருக்கும் எதையும் தாமதமாகச் சொல்லிப் பழகாதவள்.

"ஒரே வீடுதான் போலக்கா," என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு போன் அணைந்தது.

உள்ளே வந்தால் அண்ணன் அதே வரியின் மேல் குனிந்தபடியே இருந்தார்.

"செல்வி, கடைசிக் கட்டத்தைப் படிச்சியா?"

"அதுல என்ன, தகவல் குடுத்தவருக்கு என்ன உறவுன்னு இருக்கும். தாத்தான்னு இருக்கும்."

"படி."

படித்தேன். பழைய மசி, ஆனால் தெளிவான கை. 'தாயின் தாய்மாமன்.'

"செல்லாயிக்கு இவர் அப்பா இல்ல," என்றார் அண்ணன். "மாமன். மாமன் வீட்டுல ஒரு பொண்ணுக்குத் தலைப்பிரசவம் பாக்குறாங்கன்னா என்ன அர்த்தம்?"

"பாக்குறதுக்கு அம்மா இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப அந்த அம்மாவோட சாவு இந்த அறையிலதான் இருக்கு."

மணிமேகலைக்குத் திருப்பிப் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். வனிதாவுக்குப் போட்டேன். எடுக்கவில்லை.

"அண்ணே," என்றேன். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

கேட்டுவிட்டு அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சாந்தரம் நாலு மணி இனி கெடையாது," என்று மட்டும் சொன்னார். "இப்பவே கெளம்பியிருப்பாங்க. பிராங்க்ளின் சார், நாற்பத்தொம்போது எடுங்க."

2011இல் வயது அறுபத்திரண்டு. செல்லாயி பிறந்தது 1949 என்று கணக்கு. பிராங்க்ளின் எடுத்து வந்த நோட்டின் முதுகு கழன்றிருந்தது. இந்த முறை நான் அங்கிட்டுத் திரும்பித்தான் மூச்சு விட்டேன். ஜனவரி. மார்ச். ஜூன். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ஆகஸ்ட் மாதத்தில்,

'பெண். பெயர் பொன்னுத்தாய். வயது பத்தொன்பது. இறந்த காரணம்: பிரசவம். இறந்த இடம்: அண்ணன் வைரக்கண்ணு வீடு.'

பிராங்க்ளின் யாரும் கேட்காமலே போய்ப் பிறப்புப் பதிவேட்டை எடுத்து வந்தார். அதே நாள். பெண் குழந்தை. தாய் பொன்னுத்தாய்.

"எழுதிக் குடுங்க சார்," என்றார் அண்ணன்.

"எழுதிடுறேன். ஆபீசர் மீட்டிங்ல இருக்காங்க. மூன்றரைக்கு வருவாங்க."

"கையெழுத்து இல்லாமக் குடுக்க முடியாதா?" என்று நான் கெஞ்சினேன்.

"கையெழுத்து இல்லாதது ஒண்ணு ஏற்கெனவே அவங்க வீட்டுக்குப் போயிருக்காமே," என்றார் பிராங்க்ளின். "இன்னொண்ணு எதுக்கும்மா?"

அந்த வாய்க்கு எதிரே என் வாய் முதன்முதலாகத் தோற்றது.

மூன்று நாற்பதுக்கு முத்திரை விழுந்தது. அண்ணனின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து காகிதத்தை மாரோடு அணைத்துக்கொண்டேன். வனிதா வீட்டுத் தெருவில் இரண்டு கார்கள் நின்றன. வாசலில் கட்டியிருந்த பந்தலுக்குக் கீழே செருப்புகள் நிறைந்து கிடந்தன.

உள்ளே ஆறேழு பெரியவர்கள். நடுவில் மாப்பிள்ளையின் அப்பா குழந்தைசாமி. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்த தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். எதிரே வனிதாவின் அப்பா நிலவழகன். அவர் கைகள் தட்டுக்கு அடியில் வந்துவிட்டன. கைமாறினால் முடிந்தது. சுவரோரம் மணிமேகலை முந்தானையை வாயில் திணித்திருந்தாள். மாப்பிள்ளை அரவிந்த்குமார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். வனிதா மட்டும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"தட்டைக் கீழ வைங்க," என்றார் அண்ணன்.

"இனி என்னங்க இருக்கு?" குழந்தைசாமி தட்டை இறக்கவில்லை. "ஒங்க ஆளு, இந்தம்மாதான் போன்ல சொல்லிச்சாமே, ஒரே வீடுன்னு."

எல்லார் கண்ணும் என் மேல். ஊரில் உள்ளவர்களை நான் பார்த்த பார்வையை அன்றைக்கு மொத்தமாகத் திருப்பித் தந்தார்கள்.

"சொன்னது நான்தாங்க," என்றேன். "அரைகுறையாப் படிச்சுட்டுச் சொன்னேன். முழுசாப் படிச்சவர் இவரு. கேளுங்க."

அண்ணன் படித்தார். தரகர் குரலில் இல்லை, மெதுவாக. பொன்னுத்தாய், வைரக்கண்ணுவின் தங்கை. பத்தொன்பது வயதில் தலைப்பிரசவத்தில் செத்தாள். பிள்ளையை மாமனே வளர்த்தார். தைலம்மையும் செல்லாயியும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள். ஊர் கண்டது அதைத்தான்.

தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் ஒப்பவில்லை. "யாரோ ஒரு பொன்னுத்தாய் செத்துப்போனா. அவ பெத்த புள்ளதான் செல்லாயிங்கறதுக்கு என்ன சாட்சி?"

"ஒம்போது நாள் குழந்தை சாட்சிங்க."

அண்ணன் காகிதத்தில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"அறுபத்தேழுல செல்லாயியோட தலைக்குழந்தை செத்துப்போச்சு. சொல்லப் போனவர் வைரக்கண்ணு. பெத்த அப்பனா இருந்தா 'தாத்தா'ன்னு எழுதச் சொல்லியிருப்பார். 'தாயின் தாய்மாமன்'னு எழுதச் சொல்லியிருக்கார். அன்னைக்கு இந்தக் கல்யாணம் இல்ல, இந்தக் கடிதாசி இல்ல. செத்த குழந்தையை மடியில வச்சுக்கிட்டு அவர் யாருக்காகப் பொய் சொல்லணும்?"

பெரியவர் தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப அவங்க அக்கா தங்கச்சி இல்ல," என்றார். "தைலம்மை மாமன் மக. செல்லாயி அத்தை மக."

"அவங்க பெத்த பையன்கள்?"

"மாமன் மச்சான்."

"அப்பாவுக்கு மச்சான்னா மகனுக்கு என்ன வேணும்?"

"மாமன்." பெரியவர் அரவிந்தைத் திரும்பிப் பார்த்தார். "டேய், ஒனக்கு இது மாமன் மகடா. தடை என்னடா தடை, உரிமையே ஒனக்குத்தாண்டா."

மணிமேகலையின் வாயிலிருந்து முந்தானை விழுந்தது. அரவிந்த் நிலையை விட்டுவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தட்டு எப்போது பெஞ்சுக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. நான் பார்க்காமல் விட்டது அன்றைக்கு அது ஒன்றுதான்.

ஏனென்றால் அப்போது நான் நிலவழகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் மூச்சு விட்டார்கள், அவர் மட்டும் விடவில்லை. சுவரில் சாய்ந்து, வலது கட்டை விரலைச் சுட்டு விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த இரண்டு விரலும் மஞ்சள். நானூறு பத்திரிகைக்கு மூலை மூலையாக மஞ்சள் தடவியவர் அவர்தான். தெரு முழுக்கத் தெரியும்.

அண்ணன் காலையில் எதை மோந்து பார்த்தார் என்று எனக்கு மூன்று ஐம்பத்தைந்துக்கு விளங்கியது.

"சரி," என்றார் பெரியவர். "குடும்பத்தைக் கலைக்கப் பாத்த அந்தப் பய யாரு? அதைக் கண்டுபுடிச்சியாப்பா?"

என் நாக்கு நுனியில் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. நாக்கைக் கடித்தேன்.

"அது எனக்குக் குடுத்த வேலை இல்லைங்க," என்றார் அண்ணன்.

வனிதா என்னருகே வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டாள். "பத்தாவது வரைக்கும் என் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்ட கை, எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அப்பா சும்மா எழுத மாட்டாங்க. அதான் பயந்தேன்."

அவள் அப்பாவிடம் போனாள். காதை நீட்டுவது என் தொழில், நீட்டினேன்.

"வீட்டுக்குள்ள கேட்டிருக்கலாம்ல."

"மாப்பிள்ளை வீட்டுப் போட்டோவுல தைலம்மை பெரியம்மாவப் பாத்துட்டேம்மா. எங்காத்தா பெட்டியில இருந்த போட்டோவக் காட்டி, அக்கா அக்கான்னு அவங்களைத்தான் சொல்லும். ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. அவங்களா நிறுத்திட்டா ஒனக்கு என் மேல கோவம் வராதுன்னு நெனச்சேன்."

"கோவம் இருக்கு," என்றாள் வனிதா. "வெள்ளிக்கிழமை கழிச்சு வச்சுக்கறேன்."

முத்திரை விழுந்த காகிதத்தை அண்ணனிடமிருந்து வாங்கி அப்பா கையில் கொடுத்தாள். ஐம்பத்தாறு வயது மனிதர் அதைத் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பொன்னுத்தாய்," என்றார். "எங்காத்தாவப் பெத்தவங்களா? பத்தொம்போதா?" பிறகு ஆத்மநாதன் அண்ணனிடம், "எங்காத்தா இவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லீங்களே. ஏங்க?"

"அதுக்குப் பதிவேட்டுல கட்டம் இல்லீங்க."

"எங்க அடக்கம் பண்ணாங்கன்னாவது?"

அண்ணன் தலையை ஆட்டினார். அதற்கும் கட்டம் இல்லை. நிலவழகன் காகிதத்தை மடிக்கத் தெரியாமல் வைத்திருந்தார்.

"கொத்தக்காட்டுல எங்க குடும்பத்து எடம் எனக்குத் தெரியும்," என்றது ஒரு குரல். குழந்தைசாமி. அதுவரை நிலவழகனை 'அவங்க', 'பொண்ணு வீடு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது பக்கத்தில் வந்து நின்றார். "புங்க மரத்துக்குக் கீழ பேரில்லாத ஒரு கல்லு கெடக்கும். யாருதுன்னு எங்காத்தாகிட்டக் கேப்பேன், எங்க அத்தைதுன்னு சொல்லும். பேரு கேக்கணும்னு எனக்குத் தோணல."

நிலவழகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பந்தக்கால் நட்டாச்சு, இப்ப அங்கிட்டுப் போகக் கூடாது," என்றார் குழந்தைசாமி. "சனிக்கிழமை காலையில வண்டி எடுத்துட்டு வாரேன். குளிச்சுட்டுத் தயாரா இருங்க, மச்சான்."